இல்லாத தொகுதியில் வரிசை பிடித்தவள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான் வரலாறு பேச ஆரம்பித்தேன். அன்றைய நாசம் அங்கேதான் தொடங்கியது.

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் நாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் மாமியாருக்கு, குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பாதி ஆயுள் போன பிறகு, அப்போதுதான் குடியுரிமையும் நீல அட்டையும் கிடைத்திருந்தன. முதல் ஓட்டு. பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

"பட்டியலைப் பார்த்துட்டுப் போ" என்று கணவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (படித்த மருமகளாம்!) எங்கள் வீடு இருந்த குருபோங்கிலிருந்து நகரத்துப் பள்ளிக்குக் காரை விட்டேன். போன முறை நான் ஓட்டுப் போட்ட இடம்.

வாசலில் கட்சிக் கூடாரம். "அக்கா, பேரு பார்த்து துண்டுச் சீட்டு எழுதித் தரேன் லா" என்றார் ஒருவர். துண்டு வாங்கினால் நம் ஓட்டு யாருக்கென்று தெரிந்துவிடாதா? மிடுக்காக மறுத்தேன்.

வரிசை நகரவே இல்லை. சும்மா நிற்க முடியுமா? "முதல்ல இந்தத் தொகுதி ஆத்தோரக் கடைத்தெரு மட்டும்தான், அத்தை. அப்புறம் கிளேபாங் சேர்ந்துச்சு, அப்புறம் நம்ம குருபோங்..." முன்னால் நின்ற சீன அம்மாள் தலையாட்டினார். (அவருக்குத் தமிழ் தெரியாது.)

"இதெல்லாம் தெரிஞ்சாதான் ஓட்டுப் போட விடுவாங்களா?" என்றார் அத்தை, காலை மாற்றி ஊன்றியபடி.

நாலேகாலுக்கு மேசையை அடைந்தோம். அதிகாரி பட்டியலை இரண்டு முறை புரட்டினார்.

"எல்லைக் கோடு மாத்திட்டாங்க, அக்கா. நீங்க சொல்ற தொகுதியே இப்ப இல்ல. உங்க வீட்டுப் பக்கத்து ஸ்கூல்லதான் போடணும்."

அந்தப் பள்ளி எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். காலையில் அங்கே கூட்டத்தைக் காட்டி அத்தை கேட்டபோது, "அவங்கள்லாம் வேற தொகுதி" என்று விளக்கியதும் நான்தான்.

ஐந்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். சாலையெல்லாம் ஜாம். அத்தை மடியில் நீல அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுப் பக்கத்துப் பள்ளி வாசலுக்கு வந்தபோது நாலு ஐம்பத்தாறு. "நீங்க ஓடுங்க, அத்தை!" புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார், அங்கிருந்த கட்சிக் கூடாரத்தில் துண்டையும் வாங்கிக்கொண்டு.

காருக்கு இடம் தேடி நான் வருவதற்குள் போலீஸ்காரர் கேட்டைச் சாத்திவிட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கூட்டிப் போகும்போது முகவரியை மூன்று தடவை படிக்கிறேன். "கோடு மாத்திட்டாங்களாம்மா?" என்பாள் மகள்.

அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கடைசியில் அத்தை வந்தார், கல்யாணப் பெண் மாதிரி நிதானமாக.

"நான் போட்டுட்டேன். அந்தப் பழைய தொகுதி எங்கயாவது இருந்தா, நீ போய் அங்க போட்டுட்டு வாம்மா."