கோவிந்தப்பன் வெப்பநிரை மீட்ட படலம்

மின்னழுத்தம் ஏறினும் இறங்கினும் முணுமுணுத்தபடியே கணிப்பொறியைக் காத்தருளும் ஸ்டெபிலைசர்த் தெய்வமே, முதற்கண் உன்னை வணங்கினோம். தூசிக்கு அஞ்சி எவரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் செய்யும் குளிரறையே, உன்னையும் வணங்கினோம். இடப்பக்க பர்னர்களின் ஏகாதிபதி, தொரப்பள்ளி தந்த தோன்றல், சாந்தம்மாவின் தவப்புதல்வன், காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தும் கலங்காத சூப்பர்வைசர் கோவிந்தப்பன், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஒரு தொழிற்சாலைக்குள், வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் எண்களோடு பொருத அருஞ்சமரைச் சொல்லப் புகுந்தோம். கேட்பவர்கள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

போருக்குக் காரணம் யாதெனின், இரும்புத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்தும் அத்தொழிற்சாலையின் பேருலை, எங்கோ ஒரு மூலையில் மட்டும் சூடு குறைந்து சோம்பிக் கிடந்தது. உலையின் இடப்பக்கம் கோவிந்தப்பனுடையது. வலப்பக்கம், இருபதாண்டு நெருப்பைக் கண்ட மூத்த சூப்பர்வைசர் இன்னாசிமுத்துவுடையது. பழுது உன் பக்கம், இல்லை உன் பக்கம் என்று இருவரும் ஒரு வாரமாகக் கேண்டீனில் முறைத்துக்கொண்டிருக்க, மேனேஜர் மூர்த்தி ஆணை பிறப்பித்தார்.

"எந்தப் பக்கம் சூடு கம்மியோ, அந்தப் பக்கத்துக்காரர் ஞாயித்துக்கெழம வந்து பர்னரைக் கழட்டி மாட்டணும். சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டுங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை!  அன்றுதான் நம் வீரன் பாகலூர் சரசம்மாவின் இரண்டாவது மகளைப் பெண் பார்க்கப் போகும் நாள். வேலை வேலை என்று ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போன நாள். அப்பெண்ணின் புகைப்படமோ அவனது அடையாள அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, நாளெல்லாம் அவன் நெஞ்சோடு ஆடிக்கொண்டிருந்தது. அன்று காலை இட்லி வைக்கும்போதே சாந்தம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"இந்த ஞாயிறும் வரலேன்னா அவங்க வேற எடத்துல குடுத்துருவாங்கடா. அப்புறம் நீ அந்த உலையவே கட்டிக்கோ."

ஆதலால் கோவிந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலி ஏறினான். உலைக்குள் வலப்பக்கப் பின்மூலையில் தொடங்கி, இடப்பக்கத்தையும் சுற்றி, முன்கதவு வரைக்கும் அளவுக்கம்பி செருகி எடுத்த எண்கள், கணிப்பொறியுள் மூன்று நிரைகளாய் அணிவகுத்து நின்றன: ஒன்று நீளம் சொல்லும் நிரை, ஒன்று அகலம் சொல்லும் நிரை, ஒன்று வெப்பம் சொல்லும் நிரை. கடல்கடந்து வந்த படம்வரை மென்பொருளோ, குறைந்த சூட்டிலிருந்து கூடிய சூடு வரை அடுக்கிக் கொடுத்தாலன்றி ஒரு பொட்டு நிறமும் பூசேன் என்று அடம்பிடிக்கும் சாதி. நம் வீரன் வெப்பநிரையைத் தேர்ந்தான், அடுக்கு என்றான், அடுக்கியது. நீலமும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாய் வானவில்லே உருகி வழிந்தாற்போல ஒரு படம் திரையில் விரிந்தது. குளிர்ந்த நீலம் விழுந்த இடம் இன்னாசிமுத்துவின் மூலை. கோவிந்தப்பன் மனத்துக்குள் பாகலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான்.

இன்னாசிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"ஏம்பா, இதுல கதவாண்டதான் சூடு ஜாஸ்தின்னு காட்டுது. நாம அங்க நின்னுதானே தெனமும் டீ குடிக்கிறோம்."

 பெங்களூரில் கணிப்பொறிப் பயிற்சி பெற்று வந்த ஒரே ஒருவன் போட்ட படம் பொய்யென்ற செய்தி, தமிழில் புறப்பட்டு, கன்னடத்தில் கொழுத்து, தெலுங்கில் கேண்டீனைச் சென்றடைய, வாசலில் செருப்புகள் குவியலாயின. தன் படத்தைப் பார்த்து அவர்கள் சிரிப்பதைக் கண்ட கோவிந்தப்பனுக்குக் காது சிவந்தது. எழுந்து நின்று, குரல் நடுங்காமல் சபதம் உரைத்தான்.

"நானே திருத்துறேன். திருத்தின படம் யார் பக்கம் காட்டுதோ, அவங்க மறுபேச்சு இல்லாம ஞாயித்துக்கெழம வரணும். மூர்த்தி சார்தான் சாட்சி."

"செரிப்பா" என்றார் இன்னாசிமுத்து.

பின்னர் மூண்டது பெரும்போர். தேடினான், திகைத்தான், தெளிந்தான்: இடம் மாறி நின்றவை வெப்ப எண்கள் மட்டுமே, நீளமும் அகலமும் நின்ற இடத்திலேயே நின்றன. குடியிருந்தவர்கள் வீடு மாறிப்போன பின்னும் பெயர்ப்பலகைகள் பழைய வாசலிலேயே தொங்குவது போல, பின்மூலையின் பெயரில் எவனோ ஒருவனின் குளிரும், கதவின் பெயரில் எவனோ ஒருவனின் கொதிப்பும் குடியிருந்தன. பிளாப்பித் தகட்டில் சேமித்திருந்த ஆதி எண்களை மறுபடி வரவழைத்தான். இம்முறை மூன்று நிரைகளையும் தனித்தனியே அடுக்கினான். அந்தோ, உலை முழுவதும் மூலைக்கு மூலை ஒரு கோடாய்ச் சுருங்கிப்போயிற்று. வாசற்கூட்டம் வாய்பொத்திச் சிரித்தது. அவன் அஞ்சவில்லை. பசி மறந்தான், பாகலூர் மறந்தான், பக்கம் என்று இரண்டிருப்பதையே மறந்தான். பித்துப் பிடித்தவன்போல் விசைப்பலகையைத் தட்டி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, வெப்பத்தின்படி அவ்வெண்களை முதலில் நிறுத்தி, அவை நின்ற முறைப்படியே நீளத்தையும் அகலத்தையும் வெப்பத்தையும் கைகோத்து நடக்கச் செய்தான். நடந்தன! ஒன்றன் கையை மற்றொன்று விடாமல், ஓர் எண்ணும் வழிதவறாமல் நடந்தன! திரையில் உள்ளது உள்ளபடி உலை மலர்ந்தது. நடுவில் செந்தழல், கதவருகே மங்கிய மஞ்சள், ஒரே ஒரு மூலையில் மயில்கழுத்து நீலம்.

"பாருங்க சார், இதான் நெசமான படம்!" என்று கோவிந்தப்பன் இரு கைகளையும் உயர்த்திக் குதிக்க, மூர்த்தி கைதட்ட, வாசற்படையும் சேர்ந்து கைதட்ட, கணிப்பொறியே ஒருகணம் பெருமிதத்தில் உறுமியது போலிருந்தது. இன்னாசிமுத்துவும் கைதட்டினார். பிறகு அவன் தோளில் மெல்லக் கைவைத்தார்.

"நல்லா போட்டுட்டப்பா. ஆனா அந்த நீலம் உன் பக்கம்."

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பன் வேலைக்குப் போனான்.