உள்ளங்கைக்கு இரட்டைத் தோல்

ஓட்டுநர் தேர்வில் நான் ஒரே ஒரு முறை தோற்றிருக்கிறேன். அந்தத் தேர்வுக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை என்பதுதான் விசேஷம். பதினெட்டு வருடமாக லைசென்ஸ் வைத்திருந்த என்னை, பெற்ற மகளின் தேர்வுக்கு நடுவே புகுந்து தோற்க வைத்தது ஒரு ஜோடி தோல் கையுறை. ஜோடி என்று சொல்வதும் தப்புதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். என் வேலை சந்தேகப்படுவது. (அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தேன்.) ஒரு பெட்டி போல்ட் வந்தால் அதிலிருந்து நாலைந்தை எடுத்து அளந்து, முறுக்கி, உடைத்துப் பார்ப்பேன். அவை தேறினால் பெட்டி முழுவதுமே தேறியதாகப் பச்சை சாக்பீஸில் ஒரு டிக். "சாம்பிள் ஓகே, லாட் ஓகே" என்பது எங்கள் பிரிவின் மந்திரம்.

மகள் கலைச்செல்வி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தாள். ஒரு பம்புசெட் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பூந்தமல்லிக்கு அப்பால் தோட்டம் தோட்டமாகப் போய் பம்புகளைப் பழுது பார்க்க வேண்டும். போக மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, சேருகிற திங்கட்கிழமையன்று கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் கழித்து எட்டுப் போட அவளுக்குக் கிடைத்த தேதி, அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

என் மனைவி சரோஜா, "பொம்பளப் பிள்ளை புல்லட் மாதிரி போனா நல்லாத்தானே இருக்கும்" என்று சந்தோஷப்பட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் கம்பெனி முதலுதவி அறையில், பாடி சந்திப்பில் வண்டியோடு சறுக்கிவிட்டு நேராக வேலைக்கு வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். தலை தப்பியிருக்கும், கால் தப்பியிருக்கும். உள்ளங்கை மட்டும் கேரட் துருவியதுபோல இருக்கும். விழுகிற மனிதன் யோசிக்காமல் முதலில் நீட்டுவது கையைத்தான்.

"லெதர் கிளவுஸ் போட்டுக்கிட்டாத்தான் வண்டியைத் தொடணும்" என்றேன்.

"போட்டுக்கறேம்பா. வாங்கிக் குடுங்க."

அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். கையுறை என்றால் எந்தக் கையுறை? எந்தத் தோல்? எந்தத் தையல்? அந்த ஒரு மாதமும் எனக்கு வேறு உலகமே இல்லை.

எங்கள் வெல்டர் தனபாலிடம் போனேன். இருபது வருடம் தோல் கையுறைக்குள் வாழ்ந்த மனிதர்.

"ஆட்டுத்தோல் சொகுசு சார், சீக்கிரம் பிஞ்சுரும். எருமைத்தோல் போட்டா கை மடங்காது, பிரேக் புடிக்க முடியாது. மாட்டுத்தோல் பாருங்க, அதுவும் மெல்லிசா. உள்ளங்கைக்கு இன்னொரு தோல் வெச்சுத் தெச்சிருக்கணும். கட்டைவிரல் சேர்ற எடத்துல தையல் ஓடுச்சுன்னா வேணாம், அதுதான் மொதல்ல பிரியும். அப்புறம், போட்டுப் பாத்து வாங்குங்க சார்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. அது எனக்கு ஒரு சோதனையாகவே படவில்லை. போட்டுப் பார்ப்பதற்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு எதற்கு?

மோட்டார் சைக்கிளுக்கென்று தனியாகச் செய்த கையுறை அப்போது எங்கள் பக்கம் கிடைக்காது. கரையான்சாவடியில் ஒரு கடையில் விரல் நுனி இல்லாத, முதுகில் வலை வைத்த ஒன்றைக் காட்டினார்கள். விரலில் பாதியை மட்டும் காப்பாற்றுவானேன் என்று வந்துவிட்டேன். கடைசியில் பாடியில், தொழிற்சாலைகளுக்குக் கையுறை, பூட்ஸ், கண்ணாடி விற்கும் முனுசாமியின் கடையில் தனபால் சொன்ன லட்சணம் எல்லாம் பொருந்திய மாட்டுத்தோல் கையுறை கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு. என் கைக்கே தாராளம். பிடிக்கும்போது வழுக்காமலிருக்க வேண்டும், தளர்ச்சி பரவாயில்லை என்று தீர்மானித்தேன்.

கையுறையின் ஒரு ஓரத்தில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன். ரெக்சினாக இருந்தால் உருகிச் சொட்டும். தோல் என்றால் மயிர் பொசுங்கிய நாற்றம் வரும். கடை முழுவதும் வந்தது.

"இன்னா சார் பண்ற? வாங்க வந்தியா, கொள்ளி வெக்க வந்தியா?" என்று முனுசாமி ஓடி வந்தார்.

"ஒரிஜினல்தான்" என்றேன் மகிழ்ச்சியோடு.

"அத்த நானே சொல்லிருப்பேனே நைனா! இப்ப அத்த யாரு வாங்குவாங்கோ?"

நானே வாங்கினேன். இரண்டு ஜோடி. ஒன்று சோதித்துப் பார்த்துக் கெடுப்பதற்கு, இன்னொன்று மகளுக்கு. இரண்டாவது ஜோடியின் மணிக்கட்டுப் பக்கத்தைச் சேர்த்து நூலால் தைத்திருந்தார்கள். இரண்டு கையுறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு கச்சிதமாகப் படிந்திருந்தன. நல்ல தயாரிப்பு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

"அத்தையும் பிரிச்சிப் பாத்துக்கோ சார். மூட்ட மூட்டயா வர சரக்கு, மாறிக்கீறி பூட்டிருக்கும்" என்றார் முனுசாமி.

"சாம்பிள் பார்த்தாச்சு" என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மிச்சச் சோதனைகளை வீட்டில் நடத்தினேன். சாம்பிள் ஜோடியில் ஒன்றை இரவும் பகலும் தண்ணீரில் ஊறவைத்தேன். சாயம் போகவில்லை. அரம் கொண்டு தேய்த்தேன். இன்னொன்றுக்குள் மணலை அடைத்து, மணிக்கட்டில் கயிறு கட்டி, என் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தரையில் இழுபடும்படி கட்டிக்கொண்டு நெமிலிச்சேரி சாலையில் போனேன். விழுந்தவன் கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிய வேண்டாமா? மணல் அடைத்த கையுறை ஐந்து விரல்களையும் விரித்துக்கொண்டு பின்னால் குதித்து வந்தது. ஒருவர் சைக்கிளில் உயிரைக் கொடுத்துத் துரத்தி வந்தார்.

"சார்! நில்லு சார்! கையி இஸ்துகினு வருது சார்!"

நிறுத்தி, "தெரியும். டெஸ்ட் பண்றேன்" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு கைய?" என்றார்.

தோல் கிழியவில்லை. வீட்டுக்கு வந்து, நூல் பிரிக்காத இரண்டாவது ஜோடியின்மேல் பச்சை சாக்பீஸில் டிக் போட்டு, செய்தித்தாளில் சுற்றி பீரோவில் வைத்தேன். தேர்வன்றுதான் புதிதாக எடுக்க வேண்டும் என்று என் உத்தரவு. அதுவரை மகள் வெறுங்கையோடுதான் தெருவில் பழகினாள். வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. மைதானத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் பெரிய எட்டு. மரத்தடி நாற்காலியில் பிரேக் இன்ஸ்பெக்டர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கலை வரிசையில் ஐந்தாவது ஆள். மூன்று பேர் முடித்ததும் நான் பொட்டலத்தைப் பிரித்து, பிளேடால் நூலை அறுத்து, கையுறைகளை நீட்டினேன்.

ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டும் ஒரே கை."

"அதெப்படிம்மா ஒரே கையா இருக்கும்? மனுஷனுக்கு ரெண்டு கை."

"மனுஷனுக்கு ரெண்டு. இதுல ரெண்டுமே இடது. கட்டைவிரலைப் பாருங்க."

பார்த்தேன். ஒரு மாதச் சோதனை என் கண்முன் நின்றது. நெருப்பில் தேறியது, நீரில் தேறியது, நெமிலிச்சேரியில் தேறியது. தப்பு இருக்க முடியாது.

"நான் வெறுங்கையோடயே ஓட்டறேம்பா. இங்க பத்து கிலோமீட்டர் வேகத்துல சுத்தப் போறேன்."

"கூடவே கூடாது."

"சரி, வலது கையில புறங்கையைத் திருப்பிப் போட்டுக்கறேன்."

"அப்ப இரட்டைத் தோல் புறங்கைக்குப் போயிடுமே! விழுந்தா புறங்கையாலயா ஊன்றுவே?"

"நான் ஏம்பா விழப் போறேன்?"



"இப்படிக் குடு" என்று இரண்டையும் வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். இடது கை சரியாக இருந்தது. வலது கையில், உள்ளங்கைக்கு இரட்டைத் தோல் வரும்படி மாட்டினால், என் சுண்டுவிரல் கட்டைவிரலின் வீட்டுக்கும் கட்டைவிரல் சுண்டுவிரலின் வீட்டுக்கும் குடிபோக வேண்டியிருந்தது. தாராளமான அளவு என்பதால் இரண்டும் முனகிக்கொண்டே போயின. "பார்த்தியா? தோல் பழகிட்டா எல்லாம் சரியாயிடும். ஓட்டிக் காட்டறேன்" என்று வண்டியில் ஏறி உதைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாலாவது ஆளும் முடிக்க, இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல், "அடுத்து" என்றார்.

நான் ஓரமாக ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். ஆக்சிலேட்டரைத் திருகியதும் உள்ளங்கையின் இரட்டைத் தோல் மடிந்து கைப்பிடிக்கும் அதன் பக்கத்து இரும்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கைப்பிடி திரும்பி வரவில்லை. பிரேக்கை எட்டச் சுண்டுவிரலுக்கு ஆணையிட்டால் கையுறையின் கட்டைவிரல் அசைந்தது. கையை இழுக்கலாம் என்றால், ஒரு மாதம் தேடித் தேர்ந்தெடுத்த வழுக்காத தோல் வழுக்கவில்லை. வண்டி நேராகச் சுண்ணாம்பு எட்டுக்குள் நுழைந்தது. நுழைந்தபின் வளைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு எட்டு. இரண்டாவது எட்டு. கூட்டம் விலகி வழிவிட்டது. வரிசையில் நின்ற ஒருவன், "மாமே, பெருசு இன்னா ஸ்பீடா எட்டுப் போடுது பாரேன்!" என்றான். "எட்டு இல்லடா, வாய்ப்பாடு போடுது" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"கிளட்ச்சைப் புடிங்கப்பா! சாவியத் திருப்புங்க!" என்று கலை கூடவே ஓடி வந்தாள். (ஒரு மாதமாக நான் ஓடியதற்குப் பதில் மரியாதை.) தடித்த கையுறையோடு சாவியைத் தேடினேன். தட்டுப்பட்டது ஹார்ன். அதை அழுத்தியபடியே மைதானத்தின் ஓரம், சுவர் கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டில் ஏறி, முன்சக்கரம் புதைய நின்றேன். எஞ்சின் அணைந்தது. ஹார்ன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. விரலை எடுக்க மறந்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து மெதுவாக நடந்து வந்தார்.

"எட்டுப் போடச் சொன்னா ரெண்டரை எட்டுப் போட்டீங்க. கால் ஊன்றல, அது நல்லது. நிறுத்தத் தெரியல. ஃபெயில். பேர் சொல்லுங்க."

"சார், நான் டெஸ்ட்டுக்கு வரல. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. பதினெட்டு வருஷமா ஓட்டறேன்."

"இந்தக் கையோடவா?" வலது கையை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் கை கூப்புங்க சார்."

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் என்று நினைத்து, மனப்பூர்வமாகக் கும்பிட்டேன். கையுறையின் ஒரு கட்டைவிரல் என் நெஞ்சைக் காட்டியது. இன்னொன்று இன்ஸ்பெக்டரின் நெஞ்சைக் காட்டியது. ஐம்பது பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மைதானம் சிரித்து முடிக்கும்வரை கைகளை எப்போது இறக்கலாம் என்று தெரியாமல் நான் கும்பிட்டபடியே நின்றேன்.

"பொண்ணு இந்த வண்டியிலதான் ஓட்டணுமா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். சக்கரம் ஒரு பக்கமும் ஹேண்டில்பார் ஒரு பக்கமுமாகக் கோணியிருந்தது. "இப்படி இருக்கிற வண்டிய நான் விடமாட்டேன். பன்னெண்டு மணிக்குக் கெளம்பிடுவேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா அடுத்த வெள்ளி."

அடுத்த வெள்ளி என்றால் திங்கட்கிழமை இல்லை. திங்கட்கிழமை இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள். மகளின் கையைக் காப்பாற்றக் கிளம்பி, கைக்கு வந்த வேலையைத் தட்டிவிட்டிருந்தேன். மெக்கானிக் கடை எங்கே என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டேன். கையுறையைக் கழற்றப் பார்த்தேன், கட்டைவிரல் சிக்கிக்கொண்டு வரவில்லை.

கலை என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு பேரை அழைத்து வண்டியை மணலிலிருந்து இழுத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டைத் தளர்த்தினாள். சுடிதாரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கி, ஹேண்டிலைப் பிடித்து ஒரே திருப்பு. தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். போல்ட்டை முறுக்கினாள். சற்று முன் வாய்ப்பாடு என்று சிரித்தவன் இப்போது வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

"ரெடி சார்" என்றாள்.

அவள் வெறுங்கையோடு எட்டுப் போட்டதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் ஒரு சீராகப் போய், வளைந்து, திரும்பி வந்து நின்றது மட்டும் தெரியும். "கையெழுத்துப் போடும்மா" என்று இன்ஸ்பெக்டர் சொன்னது கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

"ஹேண்டிலை நேராக்க யார் சொல்லிக் குடுத்தது?" என்று அவளைக் கேட்டார்.

"படிச்சிருக்கேன் சார்."

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க பின்னாடி உக்காந்து போங்க" என்றார்.

அப்படியே போனேன். கட்டைவிரல் சுளுக்கி வீங்கியிருந்தது. பாடி சந்திப்பில் நாங்கள் லாரிகளுக்கு நடுவே போனபோது, "மெதுவா" என்று சொல்ல வாயெடுத்து, எந்த முகத்தோடு சொல்வது என்று மூடிக்கொண்டேன். அவள் மெதுவாகத்தான் போனாள். வீட்டில் சரோஜா, "பாஸா?" என்றாள். "ஒரு பாஸ், ஒரு ஃபெயில்மா" என்றாள் கலை.

வேலையில் சேர்ந்த பிறகு அவளே கையுறை வாங்கினாள். தீக்குச்சி இல்லை, கயிறு இல்லை. இரண்டையும் மாட்டி, கடையிலேயே கைகூப்பி, கட்டைவிரல்கள் இரண்டும் தன் பக்கம் வருகின்றனவா என்று பார்த்தாள். அரை நிமிடம்தான் ஆயிற்று. நாலு வருடம் பம்புசெட்டுகளுக்கு நடுவே உழைத்தது அந்தக் கையுறை. இரண்டு முறை சறுக்கி விழுந்திருக்கிறாள். அதை என்னிடம் சொன்னது போன மாதம்தான். கேட்டதும் உள்ளங்கைகளைக் காட்டச் சொன்னேன். இரண்டையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் விட்டேன்.

பூந்தமல்லியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. நிமிர்ந்தேன். மேடையிலிருந்து மாலையும் கழுத்துமாகக் கலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டி, சரியா என்பதுபோலத் தலையை அசைத்தாள். மாப்பிள்ளைக்கு விஷயம் முன்பே தெரியும்போல. அவர் தோள் குலுங்கியது.

ஆல்பத்தில் அந்த நேரத்தில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. சம்பந்தி சிரிக்கிறார், சரோஜா சிரிக்கிறாள், எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் கூப்பிய கைகளைக் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.