காயாத மாமியார்

மாமியார் இன்னும் காயவில்லை.

மாப்பிள்ளை சுண்டுவிரலை நீட்டி அவருடைய இடது கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிசுக்கென்று ஒட்டியது. விரல் நுனியில் கொஞ்சம் மாநிறம் வந்துவிட்டது, கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டது. நிஜ மாமியாரின் கன்னத்துப் பக்கம் போகும் தைரியம் அவருக்கு இந்த ஜென்மத்தில் வராது. கான்வாஸில் இருந்த மாமியாரையே அவர் கொஞ்சம் பயந்துகொண்டுதான் தொட்டார்.

"காஞ்சுதா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இல்ல. காலையில பிசுபிசுப்பா இருந்துது. இப்ப நல்ல ஈரமாவே இருக்கு."

"அப்போ படம் முன்னால போகுதா, பின்னால போகுதா?"

அதுதான் மாப்பிள்ளைக்கும் புரியவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் சொல்ல மாட்டார். போன வருடம் ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு ஒரு முகம் வரைந்து, பேப்பரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார். தேர்வுக்குழுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "முகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவுல எல்லைக்கோடு போட்டிருக்கீங்களே, ரெண்டும் வேற வேற நாடா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தை மாப்பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

குற்றம் வண்ணத்தின் மேல். சாதாரண அக்ரிலிக்கைத் தட்டில் பிதுக்கி, தூரிகையை எடுத்து, எச்சில் விழுங்குவதற்குள் அது காய்ந்து தோலாகிவிடும். வெளிச்சத்தை நிழலோடு குழைத்து இழைக்க நேரமே தராது. அதனால் இந்த வருடம் மெதுவாகக் காயும் அக்ரிலிக்கை வாங்கி வந்தார்.

"அவசரமே வேண்டாம் சார்," என்றார் வண்ணக்கடைக்காரர். "மெல்லிசாப் பூசினா மறுநாள் கையில ஒட்டாது. அப்பிட்டீங்கன்னா வாரக்கணக்குல காவல் காக்கணும். முழுசாக் காயறதுக்குள்ள லேசாத் தண்ணி பட்டுச்சுன்னா திரும்ப இளகிக் கொடுக்கும். சீக்கிரம் காயணும்னா பழைய அக்ரிலிக்கைக் கொஞ்சம் கலந்துக்கங்க."

மாப்பிள்ளை இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஒரு வகுப்பாகவே எடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தார்.

யாரை வரைவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நால்வரும் ஒன்றாகக் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மாமியாரை எல்லோரும் செகரட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், காவலாளியின் குடை, மூன்றாம் மாடிக்காரரின் ஒழுகும் குழாய், எது என்றாலும் அவர்தான். ஒருமுறை லிஃப்ட் நடுவில் நின்று ஒரு குடும்பம் உள்ளே மாட்டிக்கொண்டபோது, மெக்கானிக் வரும்வரை வெளியே நின்று கதை சொல்லியே அவர்களைச் சிரிக்க வைத்தவர். கதவு திறந்ததும், "கதை இன்னும் முடியலையே" என்று உள்ளே இருந்தவர்கள் வெளியே வர யோசித்தார்கள். மாப்பிள்ளைக்கு அவரிடம் பயம் பாதி, பிரமிப்பு பாதி.

ஒரே ஒரு சிக்கல். அவர் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். காபியை நின்றபடி குடிப்பார், சாப்பாட்டை நடந்தபடி சாப்பிடுவார். மாமனார் ஓய்வு பெற்று, செய்தித்தாளும் கையுமாக வீட்டோடு இருப்பவர். அவர் தன் மனைவியிடம் பேச வேண்டியதை எல்லாம் அவருடைய முதுகிடம் பேசிப் பழகியிருந்தார். முகம்தான் எப்போதும் அடுத்த வேலையின் பக்கம் திரும்பியிருக்குமே.

"ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும், அத்தை."

"உக்காரணுமா? நின்னா படம் வராதா?"

"நின்னா நீங்க போயிடுவீங்க."

மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். மாமியார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். உதடு அசையாமல், "மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்று வாசலில் நின்ற காவலாளிக்கு உத்தரவும் போட்டார். மாமனார் எதிர் நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், தன் கையால் டீ போட்டு எடுத்து வந்து மனைவி பக்கத்தில் வைத்தார். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் வீட்டில் தெரிந்தது.

புது வண்ணம் வெண்ணெய் மாதிரி ஓடியது. நெற்றி வெளிச்சம் கன்னத்தில் இறங்கி, தாடையோரத்தில் எங்கே கரைந்தது என்று வரைந்தவருக்கே தெரியவில்லை. மாப்பிள்ளைக்குக் கை சிலிர்த்தது.

மறுநாள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. அதற்கும் மறுநாள், ஊஹூம். ஈரமாகத்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழைத்துப் பார்க்கலாமே என்று ஆசை தூண்ட, கடைக்குப் போகுமுன் மாமியாரை மறுபடி உட்கார வைத்தார். படம் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனது. காயத்தான் மறுத்தது.

கண்காட்சிக்குப் படம் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி. வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் மேலும் விரலை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிடுவார்.

மாப்பிள்ளை பரணில் கிடந்த டேபிள் ஃபேனை இறக்கி, துடைக்காமல், முழு வேகத்தில் படத்தின் முன் சுழலவிட்டார். போன கோடையின் தூசி முழுவதும் கிளம்பிப் போய் ஈரத்தில் உட்கார்ந்தது. குறிப்பாக மேலுதட்டில்.

மாமியார் படத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மீசையா, மாப்பிள்ளை?"

"தூசி, அத்தை."

"மனசுல இருக்கறதுதானே கையில வரும்."

லென்ஸுக்கு வைத்திருந்த இடுக்கியால் ஒவ்வொரு பிசிராக எடுத்தார். மீசை போயிற்று, கூடவே உதடும் போயிற்று. மறுநாள் காலை மாமியார் புது உதட்டுக்காக உட்கார்ந்தார். மாமனார் டீயோடு ஒரு தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்.

"வெயில்ல வெச்சா மொறுமொறுன்னு காஞ்சிடுமேங்க" என்றாள் மனைவி. மாப்பிள்ளை படத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், படிக்கட்டைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

மூன்றாம் மாடிக்காரருக்கு அடுத்தவர் கொடியில் துணி உலர்த்தும் பழக்கம். செகரட்டரி பல தடவை எச்சரித்திருக்கிறார். அன்று ஈரப் போர்வையை எடுத்துக்கொண்டு படியேறியவர், வெயிலில் செகரட்டரி உட்கார்ந்து தன்னையே முறைப்பதைக் கண்டார்.

"இதோ, எங்க கொடியிலதான் போடப்போறேன் மேடம்!" என்று பதறித் திரும்பினார். திரும்பிய வேகத்தில் போர்வை பறந்து போய்ப் படத்தின் மேல் படுத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் அவர் வாசல் மணியை அடித்தார். விரித்துக் காட்டிய போர்வையில் செகரட்டரியின் பாதி முகம் தெளிவாகப் பதிந்திருந்தது.

"இதைத் துவைக்கலாமா மேடம், இல்ல மரியாதைக்கு அப்படியே மடிச்சு வெச்சுடட்டுமா?"

மாப்பிள்ளைக்கு அந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. ஆள் ஏமாறும் அளவுக்கு முகம் வந்திருக்கிறதே! மாமியார் போர்வையை வாங்கி ஊறப்போட்டுவிட்டு, "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் போன பாதிக்காக உட்கார்ந்தார்.

அன்று மாலை கடையிலிருந்து திரும்பித் தொட்டுப் பார்த்தால், மறுபடி ஈரம். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். மாப்பிள்ளைக்கு மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவிதான் கையில் அகப்பட்டது. அதை உச்சச் சூட்டில் வைத்து, மூக்குக்கு நேராகப் பிடித்தார். மேலே காய்ந்தது, அடியில் காயவில்லை. காய்ச்சிய பாலில் ஏடு சுருங்குவது போல முகம் முழுவதும் சுருங்கி ஓரமாக நகர்ந்தது.

"எங்கம்மாவுக்கு ஒரே மூச்சுல கிழவி வேஷம் போட்டுட்டீங்களே!" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மாப்பிள்ளை கத்தியை எடுத்து முகத்தை மொத்தமாக வழித்தெடுத்தார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவையும் போய்விட்டது, இனி தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை அவர் படத்தின் பக்கமே போகவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மாமியார் தானாகவே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியைக் கணவரிடம் நீட்டி, "யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. லிஃப்டே விழுந்தாலும் சரி" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க. மூஞ்சி எங்க போயிடப் போகுது?" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. என்ன மனுஷி இவர் என்று நினைத்தபடி தூரிகையை எடுத்தார். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து அந்த முகம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. மெல்லிய பூச்சு, அதன்மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. கன்னத்தை இழைத்து முடிக்கும்வரை மெதுவாகக் காயும் வண்ணம், கடைசிப் பூச்சில் அதோடு சரிபாதி சாதாரண அக்ரிலிக். மாமனார் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முடித்தபோது மாமியாருடைய முகத்தில் இதுவரை இந்த வீட்டில் யாரும் பார்க்காத ஓர் ஓய்வு இருந்தது. படத்திலும் அது அப்படியே இருந்தது.

"இதை நான் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க ஏ.சி. இருக்கு."

"கடைக்கு எதுக்கு மாப்பிள்ளை?" என்று மாமனார் எழுந்தார். "இங்கயே இருக்கட்டுமே. நான் பார்த்துக்கறேன்."

"பரவாயில்ல மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

கடையில் லென்ஸ் அலமாரிக்கு மேலே வைத்த படம், அடுத்த நாள் தொட்டுப் பார்த்தபோது கண்ணாடிபோல் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை ஏ.சி.யைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றுதான் சனிக்கிழமை; கண்காட்சி வாசலில் இருந்தவர் விரலை வைத்தார், அழுத்தினார், தேய்த்தும் பார்த்தார். ஒட்டவில்லை.

கண்காட்சி திறந்த அன்று படம் நடு மண்டபத்தில் தொங்கியது. போன வருடம் எல்லைக்கோடு பார்த்த அதே தேர்வுக்குழுக்காரர் அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"கன்னம் எங்க முடிஞ்சு நிழல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே சார்! எப்படிச் செஞ்சீங்க?"

"எல்லாம் பொறுமைதான் சார்," என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

மூன்றாம் மாடிக்காரர்கூட வந்திருந்தார், துவைத்த சட்டையோடு. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், மாமியாரைத் தவிர. அவர் மண்டபத்தின் மறுகோடியில் ஏணிக்காரரிடம், "அந்த ஃபிரேம் கோணலா இருக்கு பாருங்க, இடது பக்கம் தூக்குங்க" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டம் டீ குடிக்க நகர்ந்தது. மாப்பிள்ளை தன் படத்தை இன்னொரு முறை ஆசை தீரப் பார்க்கலாமென்று திரும்பினார். படத்தின் முன் மாமனார் தனியாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, மாமியாரின் கன்னத்தில் புஸ் புஸ்ஸென்று அடித்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடி அடித்தார்.

"மாமா! என்ன பண்றீங்க!"

மாமனார் திடுக்கிட்டுத் திரும்பினார். ஆனால் குப்பியை மறைக்கவில்லை. ஏமாந்த முகத்தோடு அதை ஒருதரம் குலுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வீட்டுல தெனமும் தெளிச்சப்பல்லாம் உடனே இளகுச்சே மாப்பிள்ளை, இப்ப ஏன் மாட்டேங்குது? இது காஞ்சே போயிடுச்சுன்னா, அவ இனிமே என் எதிர்ல எப்ப உக்காருவா?"