வெயிலில் வைத்த மல்லி

அந்தச் செடியைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். இத்தனைக்கும் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. என் சாயங்காலத்தைத்தான் பிடுங்கிக்கொண்டது.

பகலெல்லாம் தோப்பில் மாடாக உழைப்பவன் நான். சரி, மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பவன். சாயங்காலம் மல்லித்தழை வாங்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் போவேன். வாங்குவது ஒரு நொடி. ஜோபியின் சாயாக்கடையில் சீட்டாடிவிட்டுத் திரும்ப இருட்டிவிடும். எங்கள் வீட்டு ரசம் மணத்ததே என் சீட்டாட்டத்தால்தான்.

இதில் மண் விழுந்தது. என் மனைவி கோமதி எங்கிருந்தோ ஆப்பிரிக்க மல்லி நாற்று கொண்டுவந்து, பெரிய சிமெண்டுத் தொட்டியில் நட்டு, பலாமர நிழலில் வைத்தாள். நீள நீளமாக இலை. ஒன்றைக் கிள்ளிப் போட்டால் தெருவே மணத்தது.

"இனி மல்லிக்குன்னு நீங்க அலைய வேண்டாமுங்க."

"அலையறதுல எனக்கென்ன புள்ள சிரமம்?"

"அது தெரியுமுங்க."

நிழல் போனால் அந்த மல்லி போச்சு என்று கேள்விப்பட்டேன். கோமதி பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று, தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தள்ளித் தள்ளி, தேங்காய்க் களத்து வெயிலுக்குக் கொண்டுபோனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த கோமதி தொட்டியைப் பார்த்தாள்.

"பலாக்கா உழுந்து தொட்டி ஒடைஞ்சுருமேன்னு நகத்துனேன் புள்ள."

"நீங்க சொன்னாச் செரிங்க."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செடி சாகவில்லை. ஆனால் இலை முரடாகி, முள்ளு முள்ளாகப் பூத்துக் காய்ந்தது. ரசத்துக்கு ஆகாது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"பையக் குடு புள்ள. மல்லி வாங்கியாறேன்."

கோமதி முறத்தில் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வெச்சாச் சீக்கிரம் பூத்து வெதை குடுக்கும்னு கிருஷி பவன் வெவசாய ஆபீசுல சொன்னாங்க. அத்தாச்சோட்டுப் பெரிய தொட்டிய ஆரு நகத்தறதுன்னுதான் ரோசனையா இருந்துச்சுங்க."

அவள் தூவிய விதையில், முதல் மழைக்குப் பலாமரத்தடி முழுக்க மல்லி முளைத்தது.

"இத்தனையும் என்ன புள்ள பண்ணுவ?"

"ஜோபி வடைக்குக் கேட்டாருங்க. தெனமும் சாயங்காலம் கொண்டுபோய்க் குடுக்கோணும்."

தெய்வமே! அவசரமாகச் சட்டையை மாட்டினேன்.

"நீங்க எங்கீங்க கெளம்பறீங்க? இடுப்பு புடிச்ச ஆளு. செடிக்குத் தண்ணி ஊத்தீட்டு ஊட்டுலயே இருங்க. நாம் போயிட்டு வாறேன்."

இருட்டியும் ஆளைக் காணோமே என்று ஜோபிக்குப் போன் போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறாளாம், என்னைவிட நன்றாக ஆடுகிறாளாம்.