புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பழங்காலக் கோதுமை

விதைச் சான்றிதழ் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவருக்குப் பழங்காலக் கோதுமை பயிரிடும் ஆசை வந்தது. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் சேர்ந்து நடக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் பழந்தானியம் பற்றியே பேசினார்கள். பேச ஒன்றும் இல்லாமல் வெறுமனே நடந்தவர் இவர் ஒருவர்தான்.

அலுவலகத்தில் அவருக்கு விதியார் என்று பெயர். வந்த விண்ணப்பத்தையெல்லாம் ஏதாவது ஒரு விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியவர் என்பதால் அந்த மரியாதை.

யாரிடமோ கெஞ்சி வாங்கிய ஒரு பிடி விதையைப் பின்கட்டில் இரண்டு பாத்தியில் விதைத்தார். பயிர் நெஞ்சுயரம் வளர்ந்து, காற்றடித்ததும் படுத்துவிட்டது. குச்சி நட்டுக் கயிறு கட்டினார்.

"கோதுமைக்குப் பந்தல் போட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி.

அறுத்து அடித்ததில் நாலு கிலோ தேறியது. நடைக் கூட்டாளிகளுக்கு ஆளுக்கொரு பிடி கொடுக்கச் சொன்னாள்.

"சான்றிதழ் இல்லாம ஒரு மணி வெளியே போகக்கூடாது. விதி அப்படி."

"அதை எழுதின புண்ணியவான் யாரு?"

எழுதியது அவரேதான்.

அவருடைய பழைய நாற்காலியில் இப்போது அவரிடம் வேலை பழகிய அம்மாள் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். எழுந்து வணக்கம் சொல்லி, விண்ணப்பத்தை வாங்கி, பதினெட்டாம் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ரகம் கண்டுபிடிச்ச தேதி போடலையே சார்."

"பல ஆயிரம் வருஷம் இருக்கும்மா."

"பதினஞ்சு வருஷத்துக்கு மேலன்னா காலாவதி. நீங்க எழுதினதுதான்."

"அப்ப புதுசுன்னு போட்டுக்கவா?"

"புதுசுன்னா பழங்காலம்னு பேர் வைக்க முடியாதே சார்."

ஓட்டையே இல்லாமல் எழுதியிருக்கிறோம் என்று ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணம், அந்த ஓட்டை இப்போது தனக்கே தேவைப்படுகிறது என்பது உறைத்தது.

மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்து, வழி பிறந்தது. 'மேற்படி பழங்காலக் கோதுமை, நடப்பாண்டில் மனுதாரரால் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இனி மாதிரி மட்டும்தான் பாக்கி. முளைப்புத்திறன் பிரிவுக்கு ஒரு கிலோ, தூய்மைப் பிரிவுக்கு ஒரு கிலோ, ஈரப்பதப் பிரிவுக்கு ஒரு கிலோ, மேல்முறையீடு வந்தால் இருக்கட்டும் என்று ஒரு கிலோ.

"மீதியை நீங்களே வச்சுக்கலாம் சார்" என்றார் அதிகாரி தாராளமாக.

"ஒரு ரொட்டியாவது சுட்டுத் தின்னு பாத்திருக்கலாம்" என்றாள் மனைவி.

"சான்றிதழ் வராம எப்படித் திங்கிறது?"

சான்றிதழ் வந்தது. மாதிரிகள் விதிப்படி அழிக்கப்பட்டதாகக் கூடவே ஒரு கடிதமும் வந்தது. கோதுமை போனால் போகட்டும், முத்திரை குத்திய காகிதம் இருக்கிறதே. பழந்தானிய ஆர்வலர் கூட்டத்தில் அவரை மேடையேற்றினார்கள்.

"ருசி எப்படி இருக்கும்?" என்று யாரோ கேட்டார்.

நான் தின்றதில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருநூறு முகங்கள் அண்ணாந்து பார்த்தன.

"கொஞ்சம் மண்வாசனை. கடைசியில லேசா ஒரு இனிப்பு."

நடைக் கூட்டாளி ஒருவர் எழுந்தார். "சத்தியமான வார்த்தை. போன வாரம் சாப்பிட்டேன். அந்த இனிப்பு இன்னும் நாக்குலயே நிக்குது." இன்னொருவருக்கு முழங்கால் வலி போயிருந்தது. முன்வரிசையிலிருந்த அதிகாரி, தன் வீட்டில் மூன்று மாதமாக இதுதான் என்றார்.

கூட்டம் முடிந்தபோது, அந்த மண்டபத்தில் அதைச் சாப்பிடாதவர்கள் தானும் மனைவியும் மட்டுமே என்று அவருக்குப் பட்டது. வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நீயாவது எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"என்னத்தைச் சொல்ல?" என்றாள் அவள். "நீங்க சொன்னப்ப எனக்கே கொஞ்சம் இனிச்ச மாதிரிதான் இருந்துச்சு."