சாந்தாவின் இரண்டு கைகள்

மாமல்லபுரம்,
15-2-1976

அன்புள்ள மச்சான் காசிநாதனுக்கு, ஜானகிராமன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் மூவரும் சுகம். அச்சரப்பாக்கத்தில் தங்கள் குடும்பத்தின் நலத்தையும் தங்கள் ஃபேன்ஸி ஸ்டோரின் நலத்தையும் அறிய ஆவல்.

நிற்க. பொங்கலுக்கு முன் தாங்கள் அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்தது. தங்கள் அக்காள் சாந்தாவின் கைகள் உப்புக்காற்றிலும் சோப்புத் தண்ணீரிலும் வெடித்துக் கிடந்தது தாங்கள் அறிந்ததே. குங்குமம் வாங்கக் கையை நீட்டவே கூசி, இரண்டு மாதமாக அவள் கோயிலுக்குப் போகவில்லை. டப்பாவைத் திறக்குமுன், செங்கல்பட்டில் ரசாயனம் படிக்கும் நம் கண்ணகி அதைப் பிடுங்கிக்கொண்டாள். முத்து, குங்குமப்பூ, சந்தனம் என்று மேலே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "பேரு போட்டா போதுமாப்பா? தோலுக்கு அது இன்னா பண்ணுதுன்னு யாராவது சோதிச்சுப் பாத்துகீறாங்களா?" என்றாள். கிளிசரின் தோலில் ஈரத்தை நிறுத்திவைக்கும் என்பதற்குத்தான் சோதனை நடந்திருக்கிறதாம், கல்லூரிப் புத்தகத்தில் இருக்கிறதாம். ஆகவே வலது கைக்குத் தங்கள் களிம்பு, இடது கைக்குத் தண்ணீர் கலந்த கிளிசரின், முப்பது நாள் என்று தீர்ப்பாயிற்று. தபாலாபீசில் காலமெல்லாம் ரிஜிஸ்டர் எழுதியவன் என்பதால் தினசரிக் குறிப்பு என் தலையில் விழுந்தது. அதோடு விட்டாளா? சோதனைக் கைகள் சோப்பில் படக்கூடாதென்று பாத்திரம் தேய்ப்பதையும் எனக்கே தள்ளிவிட்டாள். நான் கிணற்றடியில் குண்டான் தேய்ப்பதைப் பார்த்த அடுத்த வீட்டு மேரியம்மா, சாந்தாவுக்கு என்னவோ பெரிய வியாதி என்று கோவளம் வரைக்கும் சொல்லிவிட, ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, அந்த டம்ளர்களையும் நானே தேய்த்து, பேஜாராப் போச்சு மச்சான்.

முப்பதாம் நாள் காலை கண்ணகி அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தாள். இரண்டு கையும் ஒரே மாதிரி ஆறியிருந்தன. சாந்தா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. ஆக, முத்தும் குங்குமப்பூவும் வெறும் கிளிசரினைவிட இம்மியும் அதிகம் செய்யவில்லை என்பது விஞ்ஞான முறைப்படி ருசுவாகிவிட்டது. இனி அந்தக் களிம்பைத் தாங்கள் கடையில் வைப்பது நியாயமில்லை என்று மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜானகிராமன்

பின்குறிப்பு: ஒட்டுமுன் இதைச் சாந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு கைக்கு ஒண்ணு, இன்னொரு கைக்கு வேறன்னா பாவமா இருந்துச்சி. அவ காலேஜுக்குப் போனதும் ரெண்டையும் கலந்து ரெண்டு கையிலயும் பூசிக்கினேன்" என்கிறாள். ஆகவே, கைகள் ஆறின என்பதைத் தவிர மேலே எழுதிய எதையும் தாங்கள் நம்ப வேண்டாம்.