முகமிலியும் செவிச்செல்வியும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பூட்டுக்கடைக்காரரின் உடன்பிறந்த அக்கா. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்று மும்முறை வேண்டிக்கொண்ட பிறகே சொன்னார். நான் ஒருமுறைகூடச் சரியென்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

"எவரையும் நம்பு, பூட்டிவிட்டு நம்பு" என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டியிருந்தவர் பூட்டுக்கடைக்காரர். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை, செய்தித்தாளும் கையுமாக நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"இங்க பாரும்மா! ஒவ்வொரு போனுக்கும் செய்யும்போதே ஒரு நம்பர் போட்டுடறானாம். நாம சிம்மை மாத்தலாம், பேரை மாத்தலாம், அந்த நம்பரை மாத்த முடியாதாம். அதை வெச்சுக்கிட்டு நாம எங்க போறோம், என்ன பார்க்கறோம், எப்போ தூங்கறோம், எல்லாத்தையும் கம்பெனிக்காரன் சேர்த்து வெக்கிறானாம்!"

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர். எதிரே அமர்ந்தவர் எந்த எழுத்தில் திணறப்போகிறார் என்பதை முகத்தைக் கொண்டே அறியக்கூடியவர்.

"சேர்த்து வெச்சு என்ன பண்ணுவானாம்?"

"விப்பான்!"

"நீங்க தூங்கறதை யாருங்க காசு கொடுத்து வாங்குவாங்க? குறட்டையோட சேர்த்து எனக்கு இலவசமாவே கிடைக்குதே."

பூட்டுக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருடைய அச்சத்துக்கு ஆழமான வேர் ஒன்று இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, கண்களை மூடி, மனமுருகி ஒரு பாட்டுப் பாடினார். நடுவில் கண் திறந்தால், மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்! அன்றோடு குளியலறையில்கூட அவர் குரல் எழவில்லை. ஆனால் மூடிவைத்த உலை கொதிக்காமல் இருக்குமா? முகம் காட்டாமல் பாடி இணையத்தில் ஏற்றிவிட வேண்டுமென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தம் போனிலிருந்து ஏற்றினால், அந்த நம்பர் பாட்டையும் ஆளையும் முடிச்சுப்போட்டு, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று மனைவியின் போனிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். இன்னொரு சிரிப்பைத் தாங்கும் வலு அவருக்கில்லை.

எனவே, எவரும் அறியாத போன் ஒன்று வேண்டும். வீட்டு வரவுசெலவு மனைவியின் கையில். அக்காவிடம் ஓடினார். பழைய போன் ஒன்றுக்கும், அதன் கேமராவை மறைக்கக் கறுப்பு ஒட்டுநாடாவுக்கும் சேர்த்தே கடன் வாங்கினார்.

பெயர்: முகமிலி. பிறந்தநாள்: பொய். போன் பணிவோடு கேட்டது: இருப்பிடம் அறியலாமா? கூடாது. தொடர்புகளைப் பார்க்கலாமா? கூடாது. ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா? கூடவே கூடாது! முதற்பாட்டு ஐந்து நிமிட மௌனமாகப் பதிவான பிறகுதான் அந்த மூன்றாவது தடையைப் பெருமூச்சோடு நீக்கினார்.

புதன்கிழமை அவர் கடைக்கு விடுமுறை, மனைவிக்கு வேலைநாள். சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார். பாடி முடித்ததும் போனை இரும்புப்பெட்டியில் வைத்து நம்பர் பூட்டுப் போடுவார். அக்காவின் கடனை அடைக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த சிறுவாடும் அதே பெட்டியில்தான்.

இரண்டாம் வாரம் ஒரு ரசிகை வந்தாள். பெயர் செவிச்செல்வி. "நெஞ்சைத் தொட்டது. இன்னும் பாடுங்கள்" என்று எழுதியிருந்தாள். மறுநாள் பூட்டுக்கடைக்காரர் ஒருவருக்குச் சாவியே கொடுக்காமல் பூட்டை விற்றுவிட்டார். உலகில் வேறெவரும் அவர் பாட்டைக் கேட்கவில்லை. அவருக்கு அந்த ஒருத்தியே போதும்.

பிறகொரு புதன்கிழமை அவள் எழுதினாள்: "இன்று தொண்டை கரகரக்கிறதே. நேற்று மழையில் நனைந்தீர்களோ?"

நனைந்திருந்தார். "வித்துட்டான்! கம்பெனிக்காரன் என்னை வித்துட்டான்!"

போனைத் தரையில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. உடைத்தால் செவிச்செல்வியும் போய்விடுவாள். சுத்தியலை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி வேலை முடிந்து உள்ளே வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்னங்க, சுத்தியலும் கையுமா?"

"ஒரு ஆணி அடிக்கலாம்னு..."

"ஆணி எங்க?"

"அதைத்தான் தேடறேன்."

"அப்போ அடுத்த புதன்கிழமை பாட்டு கிடையாதா?"

அவர் துள்ளி எழ, சுத்தியல் மடியிலிருந்து நழுவி அவர் கால்விரலிலேயே விழுந்தது.

"ஐயோ! உனக்கு எந்தக் கம்பெனிக்காரன் சொன்னான்?"

"அவன் எதுக்குங்க? சிம்முக்குக் காசு போட மனசு வராம வீட்டு வைஃபைல சேர்த்தீங்கல்ல? வைஃபை என் பேர்ல இருக்கு. புதுசா ஒரு போன் சேர்ந்தா, அதோட நம்பரைப் போட்டு எனக்குச் சேதி வந்துடும். அப்போ வீட்ல இருந்தது நீங்க ஒருத்தர். சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன்."

"நம்பர் பூட்டு போட்டிருந்தேனே!"

"மூணு சைபர்."

நம்பர் பூட்டுகள் எல்லாம் கடைக்கு மூன்று சைபரில்தான் வந்து இறங்கும். "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா நம்பரை மாத்துங்க" என்று வருவோர் போவோருக்கெல்லாம் ஓதியவர், தம் பூட்டை மட்டும் மாற்றாமல் வந்த சரக்காகவே வைத்திருந்தார். போனுக்கும் அதே சைபர்தான்.

"அப்போ செவிச்செல்வி..."

"நான்தான்."

"அன்னிக்கு மட்டும் அப்படிச் சிரிச்சியே?"

"உங்க பாட்டுக்காங்க சிரிச்சேன்? நீங்க கண்ணை மூடிட்டு இழுத்தீங்களா, அண்ணி வீட்டுப் பூனை மெதுவா எழுந்து, உங்களை ஒரு பார்வை பார்த்துட்டு வெளியே போச்சு. பூனைக்குச் சிரிச்சேன். நீங்க மூணு வருஷமா வாயே திறக்கல. பாடுங்கன்னு நேர்ல கேட்டா கோவிச்சுப்பீங்க. அதான்."

பூட்டுக்கடைக்காரர், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரலில், "சரி, அக்கா கடனையாவது நானே போய்க் கொடுத்துட்டு வரேன். அந்த மானமாச்சும் மிஞ்சட்டும்" என்று நொண்டிக்கொண்டே போய்ப் பெட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவினார். இரும்புதான் தட்டுப்பட்டது.

"அண்ணிக்கு நேத்தே கொடுத்துட்டேங்க. கடன் விஷயத்தை, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவங்களே எங்கிட்ட சொல்லிட்டாங்க. உங்க சிறுவாடு கடனுக்குச் சரியா இருந்துச்சு."

அக்கா எண்ணி வாங்கிய தொகை நாலாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு. கறுப்பு ஒட்டுநாடாவின் பன்னிரண்டும் அதில் அடக்கம்.